கேம்பிங் பாத்திரத்துக்கு உறை: எந்த ஷீட் தாங்கும், எது உருகும்

கேள்வி இது: பெங்களூரிலிருந்து மேற்குத் தொடர்ச்சி மலைக்கும், எப்போதாவது இமயமலைக்கும் டிரெக்கிங் போகிறவர். கையில் ஒரு லிட்டர் அலுமினியப் பாத்திரம், சின்ன கேஸ் அடுப்பு. கொதித்ததும் அடுப்பை அணைத்துவிட்டு, மிச்ச வேக்காட்டை ஓர் உறைக்குள் முடிக்க வேண்டும் (இதைத்தான் கோஸி என்கிறார்கள்). வீட்டில் பழைய யோகா மேட், காரின் சன்ஷேட், தெர்மோகோல் மூன்றும் கிடக்கின்றன. எதை வெட்டலாம்?

முதலில் நேரான பதில். தெர்மோகோல் வேண்டாம். யோகா மேட் பெரும்பாலும் வேண்டாம். சன்ஷேட் பபுள் வகையாக (நடுவில் காற்றுக் குமிழ்கள் உள்ளதாக) இருந்தால் பக்கத்துக்கும் மூடிக்கும் ஆகும், அடிப்பாகத்துக்கு ஆகாது. புதிதாக வாங்குவதாக இருந்தால் ஏசி குழாய்க்கு மேல் போர்த்துகிற கறுப்பு நைட்ரைல் ரப்பர் ஷீட், 6 மி.மீ. தடிப்பில், அரை மீட்டர் துண்டு போதும். காரணம் தெரிந்தால் உங்கள் பாத்திரத்துக்கு ஏற்ப மாற்றிக்கொள்ளலாம் என்பதால் விரிவாகச் சொல்கிறேன்.

உறை சூடு தராது, இருக்கிற சூடு போகிற வேகத்தைக் குறைக்கும். எவ்வளவு குறைக்கும் என்பதை ஒரு கணக்கில் பார்த்துவிடலாம். 12 செ.மீ. அகலம், 10 செ.மீ. உயரம் உள்ள பாத்திரத்தில் ஒரு லிட்டர் தண்ணீர். பெங்களூர் கடல் மட்டத்திலிருந்து சுமார் 920 மீட்டர் உயரத்தில் இருப்பதால் இங்கே தண்ணீர் கொதிப்பது ஏறத்தாழ 97 டிகிரியில். வெளிக்காற்று 25 டிகிரி, காற்றோட்டம் இல்லை என்று வைத்துக்கொண்டால், உறை இல்லாத பாத்திரம் ஆரம்பத்தில் சுமார் 48 வாட் வேகத்தில் சூட்டை இழக்கும். 6 மி.மீ. ரப்பர் ஃபோம் சுற்றினால் அது 16 வாட்டாகும். 12 மி.மீ. சுற்றினால் 10 வாட். முதல் 6 மி.மீ. 32 வாட்டை மிச்சப்படுத்துகிறது, அடுத்த 6 மி.மீ. வெறும் 6 வாட்டை. அதனால் ஒரு லிட்டர் பாத்திரத்துக்கு 20 மி.மீ. தடிப்பில் உறை செய்து பையில் இடத்தை அடைத்துக்கொள்வதில் பிரயோசனமில்லை.

இதை வேக்காட்டுக் கணக்கில் சொன்னால்: ஒரு மணி நேரம் கழித்து வெறும் பாத்திரம் 66 டிகிரி, 6 மி.மீ. உறைக்குள் 84, 12 மி.மீ. உறைக்குள் 89. அரிசி வேக 20-25 நிமிடம் 80 டிகிரிக்கு மேல் நின்றால் போதும். 6 மி.மீ. அதைத் தாராளமாகத் தரும். ஆனால் மலை முகட்டில் காற்று அடித்தால் வெறும் பாத்திரம் 20 நிமிடத்தில் 70 டிகிரிக்குக் கீழே போய்விடும். உறையின் உண்மையான லாபம் அங்கேதான். இன்னொன்று, பாத்திரத்தில் பாதிதான் நிரப்பினால் சூடு ஏறக்குறைய இரண்டு மடங்கு வேகமாகப் போகும், ஏனென்றால் வெளிப்பரப்பு கிட்டத்தட்ட அதேதான், உள்ளே இருக்கும் சூடு பாதி. ஒருவருக்குச் சமைக்கிறவர் சின்னப் பாத்திரம் எடுத்துப்போவது தடிமனான உறையைவிட நல்லது.

ஷீட்டைப் பற்றிப் பேசும் முன் மூடியைப் பாருங்கள். ஒரு கிராம் தண்ணீர் ஆவியாகிப் போகும்போது சுமார் 2.26 கிலோஜூல் சூட்டைக் கூடவே கொண்டுபோகிறது. மூடி சரியாக உட்காராமல் 10 கிராம் ஆவி வெளியேறினால், ஒரு லிட்டர் தண்ணீர் அதிலேயே 5 டிகிரிக்கு மேல் இறங்கிவிடும். அதாவது கால் மணி நேரத்தில் 10 கிராம் ஆவி போனால், மேலே சொன்ன 16 வாட்டை விட அதிகமான சூடு மூடி வழியாகவே போகிறது. நெளிந்த மூடி, துளை போட்ட மூடி, வெறும் ஃபாயில் மூடி இவற்றை வைத்துக்கொண்டு எந்த ஷீட் நல்லது என்று தேடுவது வீண். மூடியில் வடிகட்டும் துளை இருந்தால் உறையின் தொப்பி அதை அழுத்தி மூடுகிற மாதிரி இருக்க வேண்டும்.

இனிமேல் ஷீட். வெப்பத்தடுப்புத் திறனில் இந்தப் பொருள்களுக்குள் பெரிய வித்தியாசம் கிடையாது. காற்றைச் சிறு சிறு அறைகளில் பிடித்து வைத்திருக்கும் எதுவும் ஏறத்தாழ ஒரே மாதிரிதான் தடுக்கும். அவற்றைப் பிரிப்பது வேறு கேள்வி: கொதிக்கிற பாத்திரம் மேலே உட்கார்ந்து அழுத்தும்போது, ஆவி படும்போது, அந்தப் பொருள் என்ன ஆகிறது?

வீட்டிலேயே சோதித்துவிடலாம். 5 செ.மீ. சதுரத் துண்டு வெட்டி, ஸ்கேலால் தடிப்பை அளந்து, ஒரு தட்டில் வையுங்கள். எவர்சில்வர் டம்ளரில் தளதளவென்று கொதிக்கிற தண்ணீரை முக்கால் பாகம் ஊற்றி அந்தத் துண்டின் மேல் நிறுத்துங்கள். 10 நிமிடம் கழித்து டம்ளரைத் தூக்குங்கள். துண்டு டம்ளரோடு ஒட்டிக்கொண்டு எழுந்தால் கதை முடிந்தது. டம்ளரின் விளிம்பு வட்டமாகப் பள்ளம் பதிந்து, ஆறிய பிறகும் எழும்பாமல் இருந்தால் அது அடிப்பாகத்துக்கு உதவாது, பக்கத்துக்கு வேண்டுமானால் ஆகும். பிளாஸ்டிக் தீய்ந்த நெடி வந்தால் எதற்குமே வேண்டாம். அதே துண்டில் இரண்டு மூன்று முறை செய்து பாருங்கள். ஒரு முறை தாங்கிவிட்டு மூன்றாவது முறை தட்டையாகிற பொருள்கள் உண்டு.

தெர்மோகோல் இந்தச் சோதனையில் தோற்கும். 80 டிகிரியைத் தாண்டியதும் இளகத் தொடங்கி, 100 டிகிரி அருகில் சுருங்கிவிடும். அதற்கு முன்பே பையில் நொறுங்கி வெள்ளை மணிகளாக உதிரும், அந்த மணிகள் காட்டில் விழுந்தால் பொறுக்க முடியாது. டிவி பெட்டிக்குள் வருகிற வெள்ளை நிற மெத்துமெத்தென்ற ஈ.பி.இ. ஃபோம் பாலிஎதிலீன். தெர்மோகோலைப் போல உடையாது, ஆனால் கொதி பாத்திரத்தின் கனத்தில் அமுங்கிப்போகும். யோகா மேட்டில் பல வகை. ஈ.வி.ஏ. மேட் 70-80 டிகிரியிலேயே இளகும். பி.வி.சி. மேட் சூட்டில் நாற்றமடிக்கும், கனமும் அதிகம். கறுப்பு நிற என்.பி.ஆர். மேட் என்று விற்பது நைட்ரைல் ரப்பர் கலந்தது, அது ஒன்றுதான் இந்த வேலைக்குப் பக்கத்தில் வரும், ஆனாலும் டம்ளர் சோதனை செய்யாமல் வெட்டாதீர்கள்.

கார் சன்ஷேடில் இரண்டு வகை கலந்து விற்கிறது. ஒன்று, மெல்லிய ஃபோமின் மேல் வெள்ளி நிறப் பூச்சு மட்டும் போட்டது. நகத்தால் சுரண்டினால் வெள்ளி உதிர்ந்து கீழே வெள்ளை தெரியும், அது வேண்டாம். மற்றது, நடுவில் காற்றுக் குமிழ்கள், இரு பக்கமும் அலுமினிய ஃபாயில். பெங்களூர் ஜே.சி. ரோட்டில் கார் சாமான் கடைகளில் இது கிடைக்கும். தகரக் கூரைக்கு அடியில் போடும் பபுள் ஷீட்டும் இதே அமைப்புதான், தடிப்பு இன்னும் நன்றாக இருக்கும்.

பபுள் ஷீட் எடை குறைவு, வெட்டுவது சுலபம், வளைந்து கொடுக்கும். ஆனால் அதன் வெள்ளி நிறத்தை நம்பி ஏமாறுகிறவர்கள் அதிகம். ஃபாயில் கதிர்வீச்சாகப் போகிற சூட்டைத்தான் திருப்பும், அதற்கு ஃபாயிலுக்கு முன்னால் காற்று இடைவெளி இருக்க வேண்டும். பாத்திரத்தோடு ஒட்டி உரசிக்கொண்டிருக்கும் ஃபாயில் வெறும் உலோகத் தகடு, சூட்டைக் கடத்தத்தான் செய்யும். அதனால் பாத்திரத்துக்கும் உறைக்கும் நடுவே 2-3 மி.மீ. இடைவெளி விடுங்கள். இடைவெளி மிகவும் பெரிதானால் உள்ளே காற்று சுழல ஆரம்பிக்கும். வெளிப்பக்கத்து ஃபாயிலும் வேலை செய்கிறது, அதன் மேல் பெயிண்ட், துணி, ஸ்டிக்கர் ஒட்டாமல் பளபளப்பாக விடுங்கள். கரி படிந்தால் பலன் குறையும்.

பபுள் ஷீட்டின் பலவீனம் குமிழ்தான். அதுவும் பாலிஎதிலீன், சூட்டில் இளகும். ஒரு கிலோ பாத்திரம் மேலே உட்கார்ந்தால் அடிக்குமிழ்கள் மெதுவாகக் காற்றை இழந்து தட்டையாகிவிடும். பார்வைக்கு ஷீட் அப்படியே இருக்கும், தடுப்பு மட்டும் போயிருக்கும். எனவே பக்கத்துக்கும் தொப்பிக்கும் பபுள் இரண்டு அடுக்கு, அடிக்கு நைட்ரைல் என்ற கலவை நல்ல ஏற்பாடு. சன்ஷேட் கையில் இருப்பவர் அப்படிச் செய்யலாம்.

நைட்ரைல் ரப்பர் ஃபோமை நான் முதலில் சொன்னதற்குக் காரணம், அது 105 டிகிரி வரை தொடர்ந்து தாங்கும்படி தயாரிக்கப்படுகிறது. கொதிநீர்ப் பாத்திரத்துக்கு அது போதுமான எல்லை. மூடிய அறைகள் கொண்டது, தண்ணீரை உறிஞ்சாது. அழுத்தினாலும் திரும்ப எழும்பும். 6, 9, 13, 19 மி.மீ. என்று தடிப்புகளில் வருகிறது. எஸ்.ஜே.பி. ரோட்டுப் பக்கம் குழாய், ஹார்ட்வேர் கடைகளில் ஏசி இன்சுலேஷன் ஷீட் என்று கேட்டால் தெரியும். முழு ரோல்தான் தருவோம் என்பார்கள், கட் பீஸ் கேளுங்கள். வீட்டுக்கு ஏசி மாட்ட வருகிறவரிடம் மிச்சத் துண்டு கேட்டாலும் கிடைக்கும். பின்பக்கம் பசை பூசியே வருகிற ஷீட்டைத் தவிருங்கள், அந்தப் பசை சூட்டில் இளகி நெடியடிக்கும். புது ரப்பருக்கும் கொஞ்சம் வாடை உண்டு. சோப்புத் தண்ணீரில் கழுவி நான்கைந்து நாள் காற்றில் தொங்கவிட்டால் குறையும். உணவு நேராக அதில் படக் கூடாது, உறைக்குள் வெறும் சோற்றுப் பொட்டலத்தை வைக்கவும் கூடாது.

கம்பளி தனி வகை. கர்நாடகத்தில் தக்காணச் செம்மறியின் முரட்டு மயிரில் நெய்கிற கம்பளி, சித்ரதுர்கா மாவட்டத்துச் சள்ளகெரேயின் சரக்கு, இந்த வேலைக்கு அருமையானது. உருகாது. தவறிச் சூடான விளிம்பு பட்டாலும் கருகுமே தவிர வழிந்து ஒட்டாது. பழைய துண்டை மூன்று நான்கு மடிப்பாகத் தைத்தால் தடுப்பு நைட்ரைலுக்குச் சமமாகவே இருக்கும். எடைதான் இடிக்கும். 6 மி.மீ. நைட்ரைல் உறை 40 கிராம் சுற்றி வரும், கம்பளி அதைப்போல மூன்று நான்கு மடங்கு. ஆகவே முதுகில் சுமக்கிறவருக்கு இல்லை. காரில் போய் ஐந்தாறு பேருக்கு 5 லிட்டர் பாத்திரத்தில் சமைக்கிற குடும்பத்துக்கு இதைவிட நல்லது கிடையாது. மழையில் மட்டும் கவனம்: நனைந்த துணி, பஞ்சு, கம்பளி எல்லாம் தடுப்பை இழக்கும், ஏனென்றால் நிற்கிற காற்றைவிடத் தண்ணீர் இருபது மடங்குக்கு மேல் சூட்டைக் கடத்தும். ஜூன் முதல் செப்டம்பர் வரை குடகுப் பக்கம் போகிறவர் மூடிய அறை ஃபோமையே வைத்துக்கொள்ளட்டும்.

கிளாஸ் வூல், செராமிக் ஃபைபர் இரண்டும் எவ்வளவு சூடு தாங்கினாலும் சாப்பாட்டுப் பக்கம் வரவே கூடாது. அவற்றின் இழை தோலையும் தொண்டையையும் அரிக்கும், சோற்றில் விழுந்தால் கண்ணுக்குத் தெரியாது.

நல்ல ஷீட்டில் செய்த உறையும் டேப்பால் கெடுவது சகஜம். கடையில் வெள்ளி நிற டேப் இரண்டு இருக்கும். நிஜ அலுமினிய டேப்பின் பின்னால் உரித்தெடுக்கிற காகிதம் இருக்கும், மடித்தால் மடிப்பு நிற்கும், காகிதம் போலக் கிழியும். பிளாஸ்டிக் டேப் மடித்தால் நிமிர்ந்துகொள்ளும், இழுத்தால் நீளும். இரண்டாவது வகை முதல் சூட்டிலேயே சுருண்டு எழும்பும். சாம்பல் நிறத் துணி டேப்பும் உள்பக்கத்துக்கு ஆகாது, அதன் பசை சூட்டில் கசிந்து பாத்திரத்தில் பிசுபிசுக்கும். அலுமினிய டேப்பின் ஓரம் கையைக் கிழிக்கும், ஓரத்தை 3 மி.மீ. உள்ளே மடித்து ஒட்டுங்கள்.

நைட்ரைலை ஒட்ட ஃபெவிகால் எஸ்.ஆர். 998 போன்ற சிந்தெடிக் ரப்பர் பசை. வெட்டிய இரு முகத்திலும் மெல்லிசாகத் தடவி, 10-15 நிமிடம் விட்டு, விரலில் ஒட்டாத பதம் வந்ததும் சேர்த்து அழுத்த வேண்டும். ஈரமாக இருக்கும்போதே சேர்த்தால் கரைப்பான் உள்ளே மாட்டிக்கொண்டு, கொதி பாத்திரம் வைத்ததும் மூட்டு விரியும், நெடியும் வரும். ஒட்டி ஒரு நாள் முழுக்கக் காற்றில் வையுங்கள். பாலிஎதிலீன் மேல் இந்தப் பசை நிற்காது, பபுள் ஷீட்டுக்கு அலுமினிய டேப்தான். தெர்மோகோலில் தடவினால் தெர்மோகோலே கரைந்துவிடும்.

மேலே சொன்ன 12 க்கு 10 செ.மீ. பாத்திரத்துக்கு 6 மி.மீ. நைட்ரைலில் அளவு தருகிறேன். 50 க்கு 35 செ.மீ. துண்டு ஒன்றில் எல்லாம் வந்துவிடும். அடி வட்டம் இரண்டு: உள்வட்டம் 12.4 செ.மீ. விட்டம், வெளிவட்டம் 13.6. பக்கப் பட்டை 40.8 செ.மீ. நீளம், 10 செ.மீ. உயரம். நீளம் பாத்திரத்தின் சுற்றளவைவிட அதிகமாகத் தெரிகிறதே என்று குறைக்காதீர்கள். தடித்த ஷீட்டை வளைக்கும்போது உள்பக்கம் சுருங்கும், அதற்காக உள்விட்டத்தோடு ஒரு தடிப்பைக் கூட்டி 3.14 ஆல் பெருக்குவதுதான் கணக்கு. பட்டையை வளைத்து முனையோடு முனை ஒட்டி, உள்வட்டத்தை அதற்குள் செருகி ஒட்டி, வெளிவட்டத்தைக் கீழே முழுதாகப் போர்த்துங்கள். அடி இப்போது இரண்டு தடிப்பு. ஈரக் கல்லிலும் பாறையிலும் வைக்கிறபோது அந்த இரண்டாவது வட்டம் மிகவும் உதவும்.

தொப்பிக்கு 45.9 செ.மீ. நீளம், 6 செ.மீ. உயரமான பட்டை, மேலே 15.2 செ.மீ. வட்டம். தொப்பி உறைக்கு வெளியே 4 செ.மீ. இறங்கிக் கவ்வ வேண்டும். மூடியின் குமிழ் 2 செ.மீ.க்கு மேல் இருந்தால் பட்டையின் உயரத்தை அந்த அளவு கூட்டுங்கள், இல்லாவிட்டால் தொப்பி குமிழின் மேல் ஏறி நின்று, கீழே சுற்றிலும் இடைவெளி விட்டுவிடும். பிளேடு புதிதாக இருக்க வேண்டும், ஒரே இழுப்பில் செங்குத்தாக வெட்ட வேண்டும். கத்தரிக்கோல் ரப்பரை நசுக்கிச் சாய்வாக வெட்டும், சாய்ந்த முனை சரியாக ஒட்டாது. மடக்குக் கைப்பிடிக்கு அளவாக ஒரு வெட்டு விடுங்கள். உறையின் உள்பக்கத்தில் மேலிருந்து கீழாக 3 மி.மீ. அகலத்தில் ஓர் ஆழமில்லாத பள்ளமும் கீறிவிடுங்கள். அது இல்லாவிட்டால் பாத்திரத்தை வெளியே இழுக்கும்போது காற்று உள்ளே போக வழியின்றி உறை பிடித்துக்கொள்ளும், பலமாக இழுத்தால் சாம்பார் மடியில் கொட்டும்.

அடுப்பிலிருந்து இறக்கியதும் 30 விநாடி பொறுத்து உள்ளே வையுங்கள். தண்ணீர் இருக்கும் இடத்தில் உலோகம் 100 டிகிரியைத் தாண்டாது. ஆனால் தீ நாக்கு ஏறிய காய்ந்த விளிம்பும், அடிப்பிடித்த இடமும், அடியில் தகடு மடிப்பு வைத்த பாத்திரங்களின் அந்த மடிப்பும் அதைவிட மிகச் சூடாக இருக்கும். முதல் நாளிலேயே உருகிப்போன உறைகளில் பெரும்பாலானவை இப்படித்தான் போயிருக்கும். உறையோடு அடுப்பில் ஏற்றவே கூடாது.

அவலுக்கும் வறுத்த ரவைக்கும் கொதி வந்ததும் 5-10 நிமிடம் உறைக்குள் போதும். அரை மணி ஊறிய சோனா மசூரிக்கு 5 நிமிடக் கொதி, 25 நிமிட உறை. தண்ணீர் வழக்கத்தைவிடக் கொஞ்சம் குறைவாக, ஏனென்றால் ஆவியாகிப் போவதில்லை. ஒரு மணி ஊறிய பாசிப்பருப்பு 10 நிமிடம் கொதித்து 40 நிமிடம் இருக்கட்டும். ராஜ்மாவை உறையில் வேகவைக்காதீர்கள். அதிலுள்ள நச்சுப் புரதம் குறைந்தது 10 நிமிடம் நன்றாகத் தளதளவென்று கொதித்தால்தான் அழியும், 80 டிகிரியில் மெதுவாக வேகும் ராஜ்மா வாந்தியில் கொண்டுபோய் விடும். சோற்றையும் 60 டிகிரிக்குக் கீழே இறங்கும் முன் சாப்பிட்டுவிட வேண்டும். கொதியிலும் சாகாத பாசிலஸ் என்ற பாக்டீரியாவின் வித்துகள் அதற்குக் கீழே முளைத்து நஞ்சைச் சுரக்கும், திரும்பச் சூடாக்கினாலும் அந்த நஞ்சு போகாது. இரவு சமைத்ததை உறையிலேயே காலை வரை வைப்பது ஆபத்து.

இமயமலைக்குப் போகும்போது கணக்கு மாறும். முள்ளய்யனகிரி உயரத்தில், அதாவது 1,930 மீட்டரில், தண்ணீர் 93-94 டிகிரியில் கொதிக்கிறது. 3,500 மீட்டரில் 88 டிகிரியிலேயே கொதித்துவிடும். அங்கே மாலைக் குளிர் 5 டிகிரி என்றால், 6 மி.மீ. உறைக்குள் 25 நிமிடத்தில் 81-82 டிகிரிக்கு வந்துவிடும். சோறு வேகும், ஆனால் விளிம்பில். எனவே அரிசியை ஒரு மணி ஊறவைத்து, கொதியை 10 நிமிடமாக்கி, உறைக்குள் 40 நிமிடம் விடுங்கள். இந்த உயரத்துக்கு மட்டும் 9 மி.மீ. ஷீட்டில் செய்வது நியாயம். பபுள் ஷீட்டின் குமிழ்கள் அங்கே வெளிக்காற்றின் அழுத்தம் குறைந்து உப்பி நிற்கும், சூடும் சேர்ந்தால் பழைய ஷீட்டில் ஓரக் குமிழ்கள் வெடிக்கும். கேஸ் கேட்ரிட்ஜை விமானத்தில் கொண்டுபோக முடியாது, போய் இறங்கிய ஊரில்தான் வாங்க வேண்டும், அங்கே கிடைக்கிற அளவு உங்கள் கையில் இல்லை. துவரம்பருப்பைப் பெங்களூரிலேயே வேகவைத்து உலர்த்தி எடுத்துப்போங்கள், அல்லது தோல் நீக்கிய மைசூர்ப் பருப்பு. அது அந்த உயரத்திலும் குக்கர் இல்லாமல் உறைக்குள் ஒழுங்காகக் குழையும்.